ஆறடிக்கு மூண்டடிக் கட்டிலும் ரெண்டு சாவியும்

மகளுக்கு 15 முடிஞ்சிட்டு, அடுத்த வருசம் ஓ.எல். சோதினை. இவ்வளவு நாளும் அம்மம்மாவோட ஒரே கட்டில்ல படுத்தவள் திடீரெண்டு எனக்குத் தனி அறை வேணும் எண்டு நிண்டுட்டாள். பின்பக்கத்தில ஒரு அறை சும்மா கிடந்தது, சும்மா எண்டா ரெண்டு நெல்லு மூட்டை, உடைஞ்ச பேன், தம்பிட பழைய சைக்கிள், அப்பிடி. பத்தடிக்கு ஒம்பதடி. அதத் துப்பரவாக்கி எடுக்கவே ரெண்டு ஞாயிறு போயிட்டு.

பொறகுதான் சண்டையே. அவள் போன்ல காட்டுற படமெல்லாம் ஒரே வெள்ளை. வெள்ளைக் கட்டில், வெள்ளை மேசை, சுவரச் சுத்தி எல்.ஈ.டி. லைட்டு, கொரியா ஸ்டைலாம். அதில ஒரு படத்திலயாவது நுளம்பு வலை கட்டி இரிக்கா எண்டு நானும் தேடித்தான் பாத்தன், இல்ல.

அம்மாவுக்கு வேற கணக்கு. எங்கட மட்டக்களப்புப் பக்கம் வீடு பொம்புளப் புள்ளைக்குத்தானே, இந்த வீடும் எனக்குச் சீதனமா வந்ததுதான், நாளைக்கு மகளுக்குப் போறதுதான், அதால இப்ப வாங்குறதத் தேக்கில ஆறடிக்கு அஞ்சடியா வாங்கிப் போடு, கலியாணத்துக்கும் உதவும் எண்டு சொல்றா. பதினஞ்சு வயசுப் புள்ளைட அறைக்குள்ள கலியாணக் கட்டில்! மகள் அழாக்குறை.

நான் ஒண்டும் சொல்லப் போகல. ஒரு சோக்கட்டியும் அடிமட்டமும் எடுத்துக் குடுத்து, அம்மம்மா கேக்கிற கட்டிலத் தரையில கீறு எண்டன். கீறினாள். அதுக்கு எதிர்ப்பக்கம் ரெண்டடி ஆழத்தில படிக்கிற மேசையயும் கீறினா நடுவுக்க மிச்சம் ரெண்டே ரெண்டடி. கதிரையப் பின்னுக்கு இழுத்து ஒரு ஆள் எழும்பவே மூண்டடியாவது வேணும். அம்மா வந்து அந்தக் கோட்டுக்குள்ள நிண்டு பாத்தா, இடுப்பத் திருப்பிப் பாத்தா, ஒண்டும் பேசாமப் போயிட்டா. ஆறடிக்கு மூண்டடி எண்டு முடிவாச்சு. கடைக்குப் போறத்துக்கு முதல் தரையில கீறிப் பாருங்க, செலவு ஒரு சோக்கட்டிதான்.

வெள்ளை மேசைக் கதைக்கு வாறன். அதில எனக்குப் பழைய புண் ஒண்டு கிடக்கு. நாலு வருசத்துக்கு முதல் மூத்தவனுக்கு வெள்ளை மெலமைன் ஒட்டின மேசை ஒண்டு வாங்கினம், கடைப் பேர் வேணாம், நல்ல வடிவுதான். எங்கட ஊர்ல மழையில பெரும்பங்கு ஐப்பசிக் கடைசியில இருந்து தை வரைக்கும் வாற வாடை மழைதானே, அந்த மாரியில யன்னலால தூவானம் அடிச்சு, நானும் நிலத்தத் தண்ணி விட்டுத் துடைச்சு, தைப்பொங்கலுக்குப் பாத்தா மேசைக் காலுட அடிப்பக்கம் தேத்தண்ணிக்க போட்ட விசுக்கோத்து மாதிரி ஊதி வெடிச்சுக் கிடக்கு. லாச்சி இறுகிட்டு. இவர் காலால உதைஞ்சுதான் அவன்ட ரிப்போட் காட்ட எடுத்தார். மெலமைன் மேலால மட்டுந்தான், உள்ளுக்க அமத்தின மரத்தூள். விளிம்பு ஒட்டு விட்டா அந்த வழியால தண்ணி குடிச்சு வீங்கும், வீங்கினது திரும்ப அமராது.

இரும்பு அலுமாரியும் எங்களுக்குச் சரிவராது. கல்லடியில ஒரு பக்கம் கடல், மத்தப் பக்கம் வாவி, உப்புக் காத்துக்கு கீழ்த்தட்டுத்தான் முதல்ல துருப்பிடிக்கும். அம்மாட முதிரை மர அலுமாரி 1978 சூறாவளியில கூரை போன வீட்டுக்குள்ள விடிய விடிய நனைஞ்சது, இண்டைக்கும் கதவு டக்கெண்டு பூட்டும். ஆனா அதத் தூக்க நாலு ஆம்புள வேணும், அது வேற கதை.

கடைசியில ஓடாவியக் கூப்பிட்டு மகோகனியில கட்டிலும் மேசையும் அடிக்கக் குடுத்தம். தேக்கு விலைக்கு ஏலாது. வெள்ளைப் பெயின்ட் அடிச்சுத் தாறன் தங்கச்சி, மரம் நல்லாக் காஞ்சிருக்கணும், இல்லாட்டி வறண்ட கச்சான் காத்துக்குப் பொருத்து விட்டுப் பெயின்டும் வெடிக்கும் எண்டார். சரி அண்ணன், ஆறுதலாச் செய்ங்க எண்டன். ஆறுதலாத்தான் செஞ்சார், சொன்னது மூண்டு கிழமை, வந்தது ரெண்டு மாசத்தால. கட்டில்ட நாலு மூலையிலயும் நுளம்பு வலைக்குக் கம்பு செருக ஓட்டை வைக்கச் சொன்னன், மகளுக்கு அது பிடிக்கல, இப்ப அந்தக் கம்புலதான் லைட்டச் சுத்தி வெச்சிரிக்காள். சுவர்ல ஒட்டினதெல்லாம் ஈரத்துக்கு ஒரு கிழமையில பெயின்டையும் உரிச்சிட்டு விழுந்திட்டு.

அலுமாரி மட்டும் பழசு. சுவர்ல முட்டாம நாலு விரல் தள்ளி, காலுக்குக் கீழ டைல் துண்டு வெச்சிரிக்கு, இல்லாட்டி மார்கழியில பின்பலகையெல்லாம் பூஞ்சணம். யன்னல் கேட்டினுக்கு மருதமுனைக் கைத்தறித் துணி, நீலக்கோடு போட்டது, அவளே தெரிஞ்செடுத்தாள். கழுவினா ஒருக்காச் சுருங்கும், அதால முதல்ல ஊறப்போட்டுப் பொறகு தைக்கக் குடுங்க.

மேசையில ஒரு லாச்சிக்குப் பூட்டு வேணுமாம். இவர் என்னத்துக்குப் பூட்டு எண்டு தொடங்க, நான் கண்ணக் காட்டினன். அந்த வயசில எனக்கு ஒரு தகரப்பெட்டி இரிந்தது, அதுக்குள்ள பெரிசா ஒண்டும் இல்ல, ஆனா திறப்பு என்னட்டத்தான். ஓடாவி பூட்டப் போட்டு ரெண்டு சாவியையும் என்ட கையில தந்தார். நான் ரெண்டையும் அவளிட்டக் குடுத்தன், ஒண்ட எனக்குத் தருவாள் எண்டு நினைச்சுத்தான்.

போன கிழமை அம்மா குனியக்குள்ள முந்தானை முடிச்சில என்னவோ கிலுங்கிச்சு. என்னம்மா அது எண்டன். ஒண்டுமில்ல புள்ள, போய் உலையப் பார் எண்டா.