தெரமக்கோட்: மரம் வெட்டும் காட்டில் படைச்சிறுத்தை தேடி

போர்னியோ தீவிலுள்ள மலேசியாவின் சபா மாநிலத்தில், சண்டக்கான் நகரை விட்டுக் கிளம்பினால் மணிக்கணக்கில் எண்ணெய்ப்பனைத் தோட்டம்தான். அதைத் தாண்டிச் செம்மண் பாதையில் குலுங்கிக்கொண்டே போனால் தெரமக்கோட் காடு வருகிறது. போர்னியோவின் ஐந்து காட்டுப்பூனை இனங்களும் இங்கே வாழ்கின்றன என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். அவற்றில் படைச்சிறுத்தையை (ஆங்கிலத்தில் clouded leopard, மேகம் போன்ற திட்டுகள் கொண்டது) பார்ப்பதுதான் ஆசை.

சுமார் 55,000 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் காட்டில் இன்றும் மரம் வெட்டி விற்கிறார்கள். 1950களிலிருந்து கண்மண் தெரியாமல் வெட்டியதில் காடு நலிந்துபோக, 1989-இல் வெட்டை நிறுத்திவிட்டு, ஜெர்மானியர்களின் துணையோடு சபா வனத்துறை புது முறை ஒன்றை வகுத்தது. காட்டைப் பொறுப்போடு நிர்வகிப்பதற்காகத் தரப்படும் எஃப்.எஸ்.சி. என்ற சர்வதேசச் சான்றிதழ் 1997-இல் கிடைத்தது. மரத்தால் வருமானம் வராமல் போயிருந்தால் இங்கேயும் பனைதான் நின்றிருக்கும் என்று நினைக்கிறேன்.

பகலில் வனக்காவலர் ஒருவர் அடிக்கட்டைகளைக் காட்டினார். காட்டை 135 கூறுகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கூறில் வெட்டினால் மறுபடி வெட்ட 40 ஆண்டு. நெஞ்சளவு உயரத்தில் 60 செ.மீ. விட்டம் இல்லாத மரத்தைத் தொடக்கூடாது. பழமரங்களுக்கும் விலக்கு உண்டு. ஒராங்குட்டானும் இருவாச்சியும் அவற்றை நம்பித்தானே இருக்கின்றன! எனக்கு முக்கியமாகப் பட்டது கொடி அறுப்பு. மழைக்காட்டில் கொடிகள் மரங்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும். அப்படியே வெட்டினால், விழும் மரம் பக்கத்து மரங்களையும் இழுத்துச் சாய்த்துவிடும். அதனால் முன்கூட்டியே கொடிகளை அறுத்து, மரம் எந்தப் பக்கம் விழவேண்டும் என்பதையும் முடிவு செய்த பிறகுதான் ரம்பம் வைக்கிறார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் எண் உண்டு. ஏலத்தில் கிடக்கும் கட்டை எந்த மரத்தினுடையது என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

இரவில் அதே லாரிப் பாதையில், திறந்த ஜீப்பில் விளக்கடித்துக்கொண்டு போனோம். தேவாங்கு, புனுகுப்பூனை, மரத்துக்கு மரம் சறுக்கிப் பாயும் கொலுகோ, வழிநெடுக யானைச் சாணம். சிறுத்தைப்பூனையை நன்றாகவே பார்த்தோம். படைச்சிறுத்தை கண்ணில் படவில்லை.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும்: 40 ஆண்டு எனக்குக் குறைவாகத்தான் படுகிறது. இங்குள்ள செராயா, கபூர், கெருயிங் மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் காடே சேர்ந்து காய்க்கும். அந்த நேரத்தில் விதை உதிர்க்கப் பெரிய தாய்மரங்கள் போதுமான அளவு நிற்கவேண்டும். வெட்டு இடைவெளியை நீட்டினால் வருமானம் குறையும்தான். இருந்தாலும் நீட்டவேண்டும்.

அப்புறம், போக நினைப்பவர்களுக்கு: அனுமதியை முன்னதாகவே வாங்கிவிடுங்கள். மழை பெய்தால் ஃபோர்வீல் வண்டி இல்லாமல் நகர முடியாது. அட்டைக்கடிக்கு நீளமான காலுறை அவசியம். படைச்சிறுத்தைதான் வேண்டும் என்றால் பல இரவுகள் தங்குங்கள்.