கிங் 2பி, கான் 6எச், ஓல்ட்ஸ் ரெக்கார்டிங்: பழைய டிராம்போன் வாங்கும் முன்

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழைய டிராம்போன் (ஸ்லைடு எனும் குழாயை நீட்டிச் சுருக்கி ஊதும் பித்தளைக் கருவி) ஒன்று கண்ணில் பட்டால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது "துளை எவ்வளவு?" என்றுதான், அதாவது குழாயின் உள்விட்டம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

பள்ளி பேண்டுகளில் பிள்ளைகள் ஊதும் யமஹா ஒய்எஸ்எல்-354-இன் துளை 12.7 மி.மீ., அதாவது 0.500 அங்குலம். கான் 6எச்-க்கும் அதே துளை, அதே 8 அங்குல பெல் (முன்னால் விரியும் வாய்). ஒரே மவுத்பீஸைப் போட்டு அடுத்தடுத்து ஊதினால் யமஹா நேர்மையாக, கொஞ்சம் வெறுமையாக ஒலிக்கும். 6எச்-இன் நடு ஸ்தாயியில் ஒரு உருட்சி இருக்கும். சத்தத்தைக் கூட்டினாலும் அது சீக்கிரம் கலையாது.

கிங் 2பி வேறு ஜாதி. ஸ்லைடின் மேல் குழாய்த் துளை 0.481 அங்குலம், பெல் 7 3/8 அங்குலம். மெதுவாக ஊதினால் மெலிந்த, தெளிந்த நாதம். கொஞ்சம் அழுத்தினால் உடனே பித்தளைச் சீறல். காரணம் குழாய்க்குள் இருக்கிறது. அலையில் அழுத்தம் கூடிய பகுதி குறைந்த பகுதியைவிட வேகமாக ஓடுவதால், நீளமான ஸ்லைடைக் கடப்பதற்குள் அலையின் முகப்பு செங்குத்தாகிவிடுகிறது. அதே சத்தத்துக்குக் குறுகிய குழாயில் அழுத்தம் அதிகம், ஆகவே சீறலும் சீக்கிரம் வந்துவிடும். ஜாஸ் பிக் பேண்டுக்கு இது வரம், சர்ச் பாட்டுக்குத் துணையாக ஊதுபவருக்குத் தலைவலி. பெல்லில் கிங்கைச் செய்த நிறுவனத்தின் பெயர் எச்.என். ஒயிட், கிளீவ்லாந்து என்று பொறித்திருந்தால் பெரும்பாலும் 1960-களின் நடுப்பகுதிக்கு முந்தையது.

ஓல்ட்ஸ் ரெக்கார்டிங்கில் ஸ்லைடின் மேல் குழாய்த் துளை 0.495, கீழ் குழாய்த் துளை 0.510 அங்குலம். வாய்ப் பக்கம் பிடிமானம் இருக்கும், கீழ் ஸ்வரங்கள் தாராளமாக வரும். மூன்றில் ஒன்றுதான் என்றால் என் கை இதற்குத்தான் போகும். ஓல்ட்ஸ் நிறுவனம் 1979-இல் மூடப்பட்டது. உதிரிக்கு இன்னொரு பழைய கருவியைத்தான் தேட வேண்டும்.

குரல் எப்படியிருந்தாலும் ஸ்லைடு சரியில்லை என்றால் வாங்காதீர்கள். வெளி ஸ்லைடை முழுதாகக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, உள்குழாய் ஒவ்வொன்றையும் அதனதன் வெளிக்குழாயில் தனித்தனியே விட்டுப் பாருங்கள். தனியே வழுக்கி, சேர்த்துப் போட்டால் உரசினால் இரண்டும் இணையாக இல்லை. நல்ல மெக்கானிக் சரிசெய்துவிடுவார். தனியாகவே சிக்கினால் குழாய் வளைந்தோ நசுங்கியோ இருக்கிறது, செலவு எகிறும். அடுத்து காற்றுச் சோதனை. ஸ்லைடை நிமிர்த்திப் பிடித்து, ஓரடி இறக்கி, மேல் வாய்கள் இரண்டையும் இறுக அடைத்துவிட்டு வெளி ஸ்லைடை விடுங்கள். காற்று பிடித்தால் தயங்கித் தயங்கி இறங்கும். சடக்கென்று விழுந்தால் எச்சில் வால்வின் (எச்சிலை வெளியேற்றும் துளையின்) கார்க் முனையை விரலால் அழுத்தி மூடிக்கொண்டு மறுபடி செய்யுங்கள். இப்போது நின்றால் கார்க் போயிருக்கிறது, அற்பச் செலவு. அப்படியும் விழுந்தால் உள்குழாய் நுனியில் சற்றுத் தடித்திருக்கும் பகுதியைப் பாருங்கள். வெள்ளைப் பூச்சு தேய்ந்து அடி உலோகம் தெரியும். மறுபூச்சுக்கு ஆகும் காசில் வேறு டிராம்போனே வாங்கிவிடலாம்.

ஸ்லைடின் அடிவளைவில் ரோஸ் நிறப் புள்ளிகள் இருந்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் வெளியேறிவிட்டது என்று பொருள். எச்சில் தேங்கும் இடம் அது. அரிப்பு உள்ளிருந்து வெளியே வருகிறது, மேலே பாலிஷ் போட்டுப் பயனில்லை. நம்மூர் ஈரத்தில் ஊதி முடித்ததும் ஸ்லைடைக் கழற்றித் துடைத்து, பெட்டியைத் திறந்துவைத்துக் காயவிடுவதுதான் மருந்து. கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திர சோப்பும் போதும். வெந்நீரில் பழைய லேக்கர் (மேல் பூச்சு) உரிந்து வந்துவிடும்.

பிரிட்டிஷ் பித்தளை பேண்டுகளுக்குச் செய்த பழைய கருவி என்றால் ட்யூனரில் (ஸ்ருதி காட்டும் கருவியில்) ஊதிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அந்த பேண்டுகள் 1960-கள் வரை ஏ=452.5 (ஏ ஸ்வரத்துக்கு நொடிக்கு 452.5 அதிர்வு) என்ற உயர்ந்த ஸ்ருதியில் ஊதின. இன்றைய 440-ஐவிட அது கிட்டத்தட்ட பாதி அரைஸ்வரம்தான் அதிகம். ஆனால் அதைச் சரிக்கட்ட ட்யூனிங் ஸ்லைடை இன்னும் சுமார் 4 செ.மீ. வெளியே இழுக்க வேண்டும். அவ்வளவு இழுக்க இடமிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.