இப்போதைக்கு வராது

"இந்தச் செடிக்கு வராதுதானே, இன்ஹெனியேரோ?" என்று பெரியவர் கேட்டார். "வராது" என்றேன். 2014 ஜூனில் நடந்த பேச்சு இவ்வளவுதான். விவசாய அலுவலர் எல்லாரையும் ஹோண்டுராஸ் மலைக்காரர்கள் இன்ஹெனியேரோ என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மரியாதைக்குள் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

ஊர் மொகால் ஆற்றோரம். பெயர் வேண்டாம். அவருக்கு இரண்டு மன்சானா நிலம், நம் கணக்கில் ஏறக்குறைய மூன்றரை ஏக்கர். 2012-13இல் வந்த இலைத்துரு என்ற பூஞ்சை நோய் அவருடைய கத்தூர்ரா ரகக் காபிச் செடிகளை மொட்டையடித்துவிட்டது. அவற்றைப் பிடுங்கிவிட்டு, துருவைத் தாங்கும் என்ற லெம்பிரா ரக நாற்று நடச் சொல்வதுதான் என் வேலை. ஸ்பானியரை எதிர்த்து நின்ற லென்கா பழங்குடித் தலைவரின் பெயர் அது. அவர்கள் மாவட்டத்துக்கும் அந்தப் பெயர்தான், கையில் புழங்கும் பணத்துக்கும் அதேதான். அப்படி ஒரு பெயரைச் சொல்லி நாற்றை நீட்டினால் யார் சந்தேகப்படுவார்கள்?

லெம்பிரா ஒரு கத்திமோர் ரகம். திமோர் தீவில் அரபிகா, ரொபஸ்டா என்ற இரண்டு காபி இனங்கள் தானாகக் கலந்து பிறந்த செடியைக் கத்தூர்ராவோடு சேர்த்து உருவாக்கியது. நம் காபி வாரியம் 1985இல் வெளியிட்ட காவேரியும் அதே குடும்பம்தான். காவேரி இலையின் அடியில் துருவின் அந்த ஆரஞ்சுப் பொடி ஏறியிருந்ததைத் தாண்டிக்குடிப் பக்கத் தோட்டங்களில் நானே பார்த்திருக்கிறேன். ஒரு ரகத்தின் எதிர்ப்புச் சக்தியைத் தாண்டிவர அந்தப் பூஞ்சைக்குக் கொஞ்சம் காலம் போதும் என்பது எனக்குப் பாடமாகவும் தெரியும், அனுபவமாகவும் தெரியும். ஆக, தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று தப்பிக்க வழியில்லை.

வேறு சமாதானங்கள் இருக்கின்றன. அந்நாட்டுக் காபி நிறுவனமே பரிந்துரைத்த ரகம் அது. பழைய செடிகள் எப்படியும் தேறியிருக்காது. தயங்கித் தயங்கிப் பேசியிருந்தால் அவர் எதையும் நடாமல் விட்டிருப்பார், அந்த வருஷமும் மகன் வேலை தேடி வடக்கே போயிருப்பான். இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் "போர் ஆஓரா" என்று ஒரு சொல் ஸ்பானிஷில் உண்டு. இப்போதைக்கு என்று பொருள். சந்தையில் தக்காளி வாங்கும்போதுகூட அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அங்கே மட்டும் ஏன் விட்டேன்? மழை பிடிக்கும் முன் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரமா, அவர் முகத்தில் தெளிவைப் பார்க்கும் ஆசையா? இரண்டும் இருந்திருக்கும். இரண்டாவதுதான் கூடுதல் என்று இப்போது தோன்றுகிறது.

காபி மூன்றாம் வருஷம்தான் காய்க்கும். அவருடைய செடிகள் நன்றாகக் காய்க்கத் தொடங்கிய 2017இல்தான் லெம்பிராவும் துருவுக்கு இடம் கொடுத்துவிட்டது என்ற செய்தி வந்தது. டிசம்பரில் போனேன். அவர் கோபப்படவில்லை. ஆற்றோரம் பிடுங்காமல் விட்டிருந்த சில பழைய கத்தூர்ராச் செடிகளைக் காட்டினார். வீட்டுக் காபிக்கு அதுதானாம். பிடுங்கச் சொன்னது நான். பிடுங்காதது நல்லதாகப் போயிற்று என்று சொல்லவும் வாய் வரவில்லை, அவற்றிலும் இலை கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்து எதை நடலாம் என்று கேட்டார். இந்த முறை எதையும் மறைக்கவில்லை. ரகங்கள், பூஞ்சை மாறும் விதம், நிழல், கவாத்து, மருந்துச் செலவு என்று வெகுநேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் நான் சொன்ன ரகங்களில் ஒன்றின் பெயரைச் சொல்லி, "அதுக்கு வராதுதானே?" என்றார்.

"இப்போதைக்கு வராது" என்றேன்.

முதல் தடவை எப்படித் தலையசைத்தாரோ, அப்படியே தலையசைத்தார்.