குட்டிச் சாளை பாஸ்போர்ட் எடுத்த கதை

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வரும்: உங்களுக்கு வேறு பெயர்கள் உண்டா? பிரவுசிங் சென்டர் தம்பி என்னைக் கேட்காமலே 'இல்லை' என்று தட்டிவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊரில் பிறந்தவன் எவனும் அதற்கு மனசாட்சிப்படி 'இல்லை' போட முடியாது.

1530களில் எங்கள் முன்னோர் ஊர் ஊராக ஞானஸ்நானம் வாங்கினார்கள். பர்னாந்து, கோமஸ், ரொட்ரிகோ, மோத்தா எல்லாம் போர்த்துக்கீசியர் தொடர்பில் வந்து ஒட்டிக்கொண்ட பெயர்கள். முன்பெயருக்கும் அந்தோணி, சவேரியார், மிக்கேல் என்று கொஞ்சம் புனிதர்கள்தான். "மிக்கேல் பர்னாந்து வீடு எது?" என்று கேட்டால், "எந்த மிக்கேல்?" என்பார்கள். அதனால் எங்களுக்குப் பட்டப்பெயர்தான் விலாசம். எங்கள் வீட்டுக்கு வாய்த்தது 'சாளை'. தாத்தா ஒருநாள் வலை கொள்ளாமல் சாளை மீன் கொண்டுவந்து, விலை போகாமல் பாதியைக் கருவாடு போட்டு, மீதியைத் தென்னைக்கு உரமாகப் புதைத்தாராம். அவர் சாளை, அப்பா சாளை மகன், நான் குட்டிச் சாளை.

ஞானஸ்நானப் பெயர் சூசை மிக்கேல். பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார், "சூசைன்னு போட்டா பிள்ளைங்க சூசைடுன்னு கூப்பிடும், ஜோசப்னு போட்டுடுறேன்" என்றார். நல்ல எண்ணம்தான். வீட்டில் சூசை என்று கூப்பிடுவதை எவனோ கேட்டுவிட்டான், பத்தாவது வரைக்கும் நான் சூசைடுதான். இத்தனைக்கும் இரண்டும் ஒரே புனிதர். சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபைக்காரர்களுக்கு அவர் யோசேப்பு, வீரமாமுனிவருக்கு வளன்.

மதுரைக்குப் படிக்கப் போனபோது கழுத்தில் கிடந்த உத்தரியத்தை, அதாவது நாங்கள் கயிற்றில் கோத்துப் போடும் சின்னப் புனிதத் துணியை, பார்த்துவிட்டு 'அல்லேலூயா' என்று வைத்தார்கள். நாங்கள் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர், கைதட்டி அல்லேலூயா சொல்கிற கூட்டம் வேறு, தவக்காலம் முழுக்க எங்கள் பூசையில் அந்தச் சொல்லே வராது என்றெல்லாம் விளக்கிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? "அல்லேலூயா, சாப்பிட வாடா" என்று பாசமாகக் கூப்பிடும்போது உறுத்தவில்லை. ஒருநாள் மெஸ்ஸில் வரிசையில் நிற்பதில் தகராறு வந்தது. அன்றைக்கு ஒருவன் அதே சொல்லைச் சொன்ன விதத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. உத்தரியத்தைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளும் பழக்கம் அன்று தொடங்கியது. இன்னும் போகவில்லை.

சரி, பாஸ்போர்ட்டுக்கு வருகிறேன். மதிப்பெண் பட்டியலில் 'ஜோசப் மைக்கேல்', ஆதாரில் 'சூசை மிக்கேல்', வாக்காளர் அட்டையில் வெறும் 'மைக்கேல்'. இந்தச் சாக்கில் சூசையை மீட்டுவிடலாம், அரசிதழில் பெயர் மாற்றம் போடலாம் என்று கிளம்பினேன். விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவர், "மதம் மாறினீங்களா? அப்படின்னா அதுக்குச் சான்று வைக்கணும்" என்றார்.

"மாறி 500 வருஷம் ஆகப்போவுதுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு ஆதாரம் கையில் இருக்கட்டும் என்று ஞானஸ்நானச் சான்றுக்காக ஊர்க் கோயிலுக்குப் போனேன். உபதேசியார் பழைய பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினார். நான் பிறந்த வருஷத்தில் மட்டும் 4 மிக்கேல். அதில் இரண்டு பேருக்கு அப்பா பெயரும் ஒன்று. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, "நீ யாரு பிள்ளை?" என்றார். சொன்னேன். விரல் கீழே இறங்கி ஓர் இடத்தில் நின்றது. சூசை மிக்கேல் பர்னாந்து என்று நீல மையில் இருந்தது. ஓரத்தில் பென்சிலால் சின்னதாக 'சாளை'. எந்தச் சாமியார் எழுதினாரோ, தெரியாது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சான்றிதழில் அது வராது என்று உபதேசியார் சொல்லிவிட்டார்.

கடைசியில் அரசிதழ் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதில் வந்தாலும் மதிப்பெண் பட்டியலில் பழைய பெயர் அப்படியேதான் இருக்கும், போகிற இடத்துக்கெல்லாம் இரண்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். வேலைக்கு ஆள் எடுத்தவர்கள் வேறு அவசரப்படுத்தினார்கள். ஆதாரை மதிப்பெண் பட்டியலுக்குத் தோதாக மாற்றினேன். ஆதாரில் பெயரை 2 முறைதான் திருத்த முடியும். எழுத்துப்பிழைக்காக ஒன்றை ஏற்கெனவே தீர்த்திருந்தேன், இது இரண்டாவது. ஆக, இனி நான் ஜோசப்தான். இன்னொன்று, குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் வருபவர்களை விடுவதில்லை என்று 2022இல் அமீரகம் அறிவித்தது. நான் மைக்கேலை அந்தக் கட்டத்தில் போட்டேன். பர்னாந்து எங்கேயும் இல்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அப்புறம் போலீஸ் விசாரணை. வந்தவர் கடற்கரை டீக்கடையில் ஜோசப் மைக்கேல் வீடு எது என்று கேட்டிருக்கிறார். கடைக்காரருக்குத் தெரியவில்லை. வலை பொத்திக்கொண்டிருந்தவர்களும் அப்படி யாரும் இந்த ஊரில் இல்லை என்றிருக்கிறார்கள். போட்டோவைக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்திருக்கிறது. எனக்குப் போன் வந்தது.

"ஜோசப் மைக்கேலா?"

"ஆமா சார்."

"வேற பேரு எதுவும் இல்லைன்னு போட்டிருக்கீங்க?"

நான் பதில் யோசிப்பதற்குள் பின்னாலிருந்து யாரோ கத்துவது கேட்டது: "ஏல குட்டிச் சாளை, சார் டீ குடிச்சிட்டு இருக்காரு, சீக்கிரம் வால!"