ஏழு நீல மாத்திரைகள்

சிதம்பரம் அருகே கிள்ளை இருளர் குடியிருப்பில் இன்று காலை, நண்டுக் கூடையைக் கழுவி வைத்துவிட்டு வந்த ஒன்பதாம் வகுப்புச் சிறுமி, புத்தகப் பையின் அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினாள்.

உள்ளே ஏழு நீல மாத்திரைகள். இரத்தசோகைக்கு வாரம் ஒன்றாகக் கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரைகள். ஏழு வாரங்களாக விழுங்காமல் சேர்த்தவை.

முதல் மாத்திரையைப் போட்ட மறுநாள் மலம் கறுப்பாகப் போனதாம். "யாருகிட்டக்கா இதப் போய்க் கேக்குறது?" என்றாள்.

உடல் உறிஞ்சியது போக எஞ்சிய இரும்புதான் அந்தக் கறுப்பு, அதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். மாத்திரையைக் கொடுத்தவர்கள் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுக்கவில்லை.

கீழிமையை இழுத்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் 59 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இவளுக்கு இன்னும் பதினைந்து கூட ஆகவில்லை.

நண்டும் இறாலும் பிடிக்கிற வீடுதான். ஆனால் தேறியதெல்லாம் விலைக்குப் போய்விடுகிறது. வெறுங்காலில் நடக்கையில் மண்ணிலிருந்து தோல் வழியே ஏறுகிற கொக்கிப்புழு குடலில் தங்கி இரத்தத்தைக் குடிக்கிறது, மாதவிடாயில் மேலும் போகிறது, மிஞ்சுகிற இரும்பையும் சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் உடலில் சேரவிடாமல் தடுக்கிறது.

வாரம் ஒரு மாத்திரை, வயிறு நிறைய உண்ட பிறகு, தேநீரைத் தள்ளி வைத்துவிட்டுப் போட வேண்டும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டவள், பொட்டலத்தை ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப ஏழையும் இப்பவே போட்டுடட்டுமாக்கா?"