வெறுங்கையோடு திரும்பியவர் எந்தப் பதிவேட்டில்?

கிளை நூலகமோ கல்லூரி நூலகமோ, மாத அறிக்கையில் பெரும்பாலும் மூன்று எண்கள்தான் இருக்கும்: வருகை, இரவல், புதிய உறுப்பினர். மூன்றும் நடந்தவற்றின் கணக்கு. ஒரு நூலைத் தேடி வந்து, அலமாரியைப் பார்த்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் போனவர் இதில் எங்கும் இல்லை. சொல்லப்போனால், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் வெற்றிக் கணக்கில் சேர்ந்திருப்பார். சேவையை மேம்படுத்த நினைப்பவர்கள் முதலில் அளக்க வேண்டியது இந்தத் தோல்வியைத்தான் என்பது என் கட்சி.

நூலக அறிவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். விழா மேடைகளில் இவற்றைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். ஆனால் இரண்டுமே எண்ணால் சோதித்துப் பார்க்கக்கூடியவை. இரண்டாவது விதிக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. பால் கேன்டர் என்ற ஆய்வாளர் 1970களில் வகுத்த கிளைமுறை அது. நம் ஊரில் அதிகம் செய்யப்படுவதில்லை. செலவோ காகிதச் செலவு மட்டும்தான்.

செய்முறை இது. கால் தாள் அளவில் ஒரு சீட்டு அச்சிடுங்கள். அதில் ஒரே கேள்வி: "இன்று குறிப்பிட்ட நூல் எதையாவது தேடி வந்தீர்களா? பெயர், ஆசிரியர் எழுதுங்கள். கிடைத்ததா, இல்லையா?" வாசகரின் பெயர், உறுப்பினர் எண் எதுவும் வேண்டாம். நுழையும்போது கொடுத்து, வெளியேறும்போது பெட்டியில் போடச் சொல்ல வேண்டும். வெளியேறும்போது மட்டும் கொடுத்தால், கிடைக்காதவர் அந்த நேரத்தில் நின்று எழுத மாட்டார். 200 தலைப்புகள் சேரும்வரை தொடருங்கள். 200 இருந்தால் முடிவில் மேலும் கீழும் 7 விழுக்காட்டுப் புள்ளி பிழை இருக்கலாம். 100 என்றால் அது 10 ஆகிவிடும். 400க்குப் போனால் 5 ஆகக் குறையும், ஆனால் கூடுதல் உழைப்புக்கு அந்த அளவு துல்லியம் தேவையில்லை.

"கிடைக்கவில்லை" என்ற சீட்டுகளை அன்றன்றே சரிபார்த்துவிட வேண்டும். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வார இறுதியில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால், அதற்குள் இரவலில் இருந்த நூல் திரும்பி வந்திருக்கும், தவறான அலமாரியில் இருந்தது சரியான இடத்துக்குப் போயிருக்கும், காரணம் மறைந்துவிடும். ஒவ்வொரு சீட்டுக்கும் நான்கு கேள்விகள், இதே வரிசையில்: நூலகம் அதை வாங்கியிருக்கிறதா? வாங்கியிருந்தால் இரவலில் போயிருக்கிறதா? போகவில்லையென்றால் அதற்குரிய இடத்தில் இருக்கிறதா? இடத்திலேயே இருந்தால், வாசகர் ஏன் காணவில்லை?

ஒரு மாதிரிக் கணக்கு. கேட்கப்பட்ட 200இல் நம்மிடம் இருப்பவை 160. அவற்றில் இரவலில் போகாதவை 120. அவற்றில் இடத்தில் இருந்தவை 96. அவற்றில் வாசகர் கண்டெடுத்தவை 84. படிகள் முறையே 80, 75, 80, 87.5 விழுக்காடு, பெருக்கினால் 42. நூறு பேர் ஒரு நூலைத் தேடி வந்தால் 58 பேர் அது இல்லாமல் போகிறார்கள். ஒவ்வொரு படியையும் தனியாகப் பார்த்தால் சுமாராகத்தான் தெரியும். பெருக்கும்போதுதான் பள்ளம் தெரிகிறது.

இப்போது பணத்தை எங்கே போடுவது என்று பாருங்கள். புதிய நூல்கள் வாங்கி முதல் படியை 80இலிருந்து 90 ஆக்கினால் மொத்தம் 47 ஆகும். ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல், தினம் காலையில் அரைமணி நேரம் அலமாரிகளை வரிசை பார்த்துச் சீர்செய்து மூன்றாம் படியை 95 ஆக்கினால் மொத்தம் 50 ஆகும். நிதி போதவில்லை என்று எழுதும் கடிதத்துக்கு முன்னால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. நிதி கேட்பது தவறில்லை. கேட்கும்போது முதல் படியின் எண் கையில் இருந்தால் கடிதத்துக்கும் கனம் கூடும்.

மூன்றாம் படியில் விழுபவை எங்கே ஒளிந்திருக்கின்றன? திரும்ப வந்து மேசையில் அடுக்கிக் கிடப்பவை, பைண்டிங்குக்கு என்று கட்டிவைத்து மறந்தவை, முதுகுச் சீட்டு உரிந்து போனவை, அலுவலக அறைப் பீரோவில் "பத்திரமாக" இருப்பவை. கடைசி வகை நம் நூலகங்களின் தனிச்சிறப்பு. இருப்புச் சரிபார்ப்பில் குறைந்தால் பொறுப்பாளர் தலையில் விடியும் என்ற பயத்தால் நல்ல நூல்கள் பூட்டுக்குள் போகின்றன. அது ஊழியரின் குணக்கேடு இல்லை, விதியின் விளைவு. எண்ணிக்கையோடு மேலிடத்துக்குக் காட்டினால்தான் இழப்பைத் தள்ளுபடி செய்யும் வரம்பைப் பற்றிப் பேசவே முடியும்.

நான்காம் படி தமிழ் நூல்களுக்கு மிகவும் மோசம். வாசகர் ராமசாமி என்று தேடுகிறார், பட்டியலில் இராமசாமி. அவர் ஜெயராமன் என்கிறார், பட்டியலில் செயராமன். சில நூலகங்களில் தமிழ் நூல் முழுவதும் ரோமன் எழுத்தில் ஏற்றப்பட்டிருக்கிறது. பழைய எழுத்துரு முறையில் ஏற்றி யூனிகோடுக்கு மாற்றாமல் விட்ட பதிவுகளும் உண்டு, அவை எந்தத் தேடலிலும் சிக்காது. "கௌ" என்ற எழுத்தை ஒற்றைக் குறியாக அடிக்காமல் கெ, ள என்று இரண்டாக அடித்தவர்களும் இருக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு வேறு சொல். கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள் வைத்திருப்பவர்கள் ஆசிரியர் பெயரின் மாற்று வடிவங்களை அதிகாரப் பதிவின் (பெயரின் ஏற்கப்பட்ட வடிவத்தை வைத்திருக்கும் பதிவு) 400 புலத்திலும், தலைப்பின் மாற்று வடிவத்தை நூல் பதிவின் 246 புலத்திலும் சேர்க்கலாம். கோஹாவின் ஜீப்ரா தேடுபொறியில், யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐ.சி.யூ. முறையில் சுட்டி உருவாக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது இல்லாமல் தமிழ்த் தேடல் ஒழுங்காக வேலை செய்யாது. எல்லாப் பதிவையும் ஒரேயடியாகத் திருத்த முயன்றால் வேலை முடியவே முடியாது. சோதனையில் விழுந்த சீட்டுகளில் உள்ள பெயர்களிலிருந்து தொடங்கினால், தேடப்படுபவை முதலில் சரியாகிவிடும்.

குறிப்பிட்ட நூல் எதுவும் மனத்தில் இல்லாமல் சும்மா பார்த்து எடுக்க வருபவர்களை இந்தச் சோதனை பிடிக்காது. அவர்களிடம் "ஏதாவது பிடித்ததா" என்று மட்டும் கேட்டுத் தனியாக எண்ணுங்கள்.

மூன்றாவது விதிக்கு வருவோம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வாங்கிய நூல்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஏறத்தாழ 40 விழுக்காடு நூல்கள் அடுத்த ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட இரவல் போகவில்லை என்று தெரிந்தது. நம் அலமாரிகளில் இதைச் சோதிக்க, பகுதிவாரியாக இரண்டு விழுக்காடுகள் போதும்: மொத்த இருப்பில் அந்தப் பகுதியின் பங்கு, மொத்த இரவலில் அதன் பங்கு. நாவல்கள் இருப்பில் 15, இரவலில் 36 என்றால் விகிதம் 2.4. இருப்பில் 12, இரவலில் 3 உள்ள பகுதிக்கு 0.25. விகிதம் 1ஐ விட மிக அதிகமாக இருக்கும் பகுதியில் எந்த நேரத்திலும் நல்ல நூல்கள் வெளியே போயிருக்கும். அலமாரியில் எஞ்சியிருப்பவை யாரும் தொடாதவை. "நாவல் பகுதிதான் நிறைந்து கிடக்கிறதே" என்று கண்ணால் பார்த்துச் சொல்பவர்கள் ஏமாறுவது இப்படித்தான்.

குறைந்த விகிதத்தைக் கண்டதும் கழித்துக்கட்டலாம் என்று கிளம்பிவிடக் கூடாது. அகராதி, கலைக்களஞ்சியம், போட்டித் தேர்வு வழிகாட்டி போன்றவை நூலகத்துக்குள்ளேயே படிக்கப்படுகின்றன. இரவல் கணக்கில் அவற்றுக்குப் பூஜ்யம். எனவே உள்பயன்பாட்டையும் எண்ண வேண்டும். "எடுத்த நூலைத் திரும்ப அடுக்காதீர்கள், மேசையிலேயே வையுங்கள்" என்று எழுதி வைத்து, ஒரு நாளில் மூன்று முறை மேசைகளில் உள்ளவற்றைச் சேகரித்து பார்கோடு படித்துவிட்டு அடுக்குங்கள். கோஹாவில் இதற்கு வசதி இருக்கிறது: புள்ளிவிவர வகையில் ஓர் உறுப்பினர் கணக்கை உருவாக்கி அதன் பெயரில் நூலைப் பதிந்தால், அது இரவலாக நிற்காமல் உள்பயன்பாடு என்று மட்டும் பதிவாகும். ஆண்டு முழுவதும் செய்ய முடியாது. பருவத்துக்கு ஒன்றாக, ஆண்டுக்கு நான்கு வாரங்கள் செய்தால் போதும். ஒழுக்கமான வாசகர்கள் எப்படியும் தாங்களே அடுக்கிவிடுவார்கள் என்பதால் வரும் எண் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.

கோஹா அறிக்கை எடுப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். புதுப்பித்தலையும் முதல் இரவலையும் சேர்த்து எண்ணினால், ஒரே நூலை ஒருவர் மூன்று முறை நீட்டித்தது நான்கு வாசகர்கள் எடுத்ததுபோலத் தெரியும். அடுத்தது, புள்ளிவிவர அட்டவணையை நூல் பிரதிகளின் அட்டவணையோடு இணைத்து எழுதிய அறிக்கையில், பிற்பாடு நீக்கப்பட்ட பிரதிகளின் பழைய இரவல்கள் உதிர்ந்துவிடும், ஏனென்றால் நீக்கிய பிரதிகள் வேறோர் அட்டவணைக்குப் போய்விடுகின்றன. போன ஆண்டு எடுத்த எண்ணும் இன்று அதே ஆண்டுக்கு எடுக்கும் எண்ணும் ஒத்துப்போகாததற்கு இது ஒரு பொதுவான காரணம். மாதக் கடைசியில் எடுத்த அறிக்கையைக் கோப்பாகச் சேமித்து வைத்துவிடுங்கள்.

கல்லூரிகளின் மின்னிதழ்களுக்கும் இதே கதைதான். மின்வளப் பயன்பாட்டை எண்ணுவதற்கான கவுன்டர் நெறிமுறைப்படி பதிப்பாளர் தரும் அறிக்கையில் மொத்தக் கோரிக்கை, தனிக் கோரிக்கை என்று இரண்டு எண்கள் இருக்கும். ஒருவர் ஒரே கட்டுரையை முதலில் இணையப் பக்கமாகவும் பிறகு பி.டி.எஃப். ஆகவும் திறந்தால் மொத்தத்தில் 2, தனியில் 1. செலவைத் தனிக் கோரிக்கையால் வகுப்பதே நியாயம்: 3 லட்சம் ரூபாய்ச் சந்தாவுக்கு 1,500 தனிக் கோரிக்கை என்றால் ஒன்றுக்கு 200 ரூபாய். இதைவிடப் பயனுள்ளது, பலர் திறந்தே பார்க்காத அனுமதி மறுப்பு அறிக்கை. நம் கல்லூரியிலிருந்து யாரோ கேட்டு, சந்தா இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்ட இதழ்களின் பட்டியல் அது. வெறுங்கையோடு திரும்பியவருக்கு இணையத்திலாவது ஒரு பதிவேடு இருக்கிறது.

இனி கருத்துக் கேட்பது. நூலகர் மேசைமேல் இருக்கும் கருத்துப் பதிவேட்டை விட்டுவிடலாம். அதில் எழுதுபவர்கள் ஆய்வுக்கு வந்த அதிகாரிகளும் சிறப்பு விருந்தினர்களும், எழுதுவது "மிக நன்று". ஊழியர் கையால் கொடுத்து, அவர் எதிரிலேயே நிரப்பச் சொல்லும் படிவத்துக்கும் அதே கதி. முகத்துக்கு நேரே குறை சொல்வது நமக்குப் பழக்கமில்லை.

கேள்விகள் பொதுவாக இருக்கக் கூடாது. "ஊழியர்கள் அன்பாகவும் விரைவாகவும் உதவுகிறார்களா?" என்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன; அன்பாக, ஆனால் மெதுவாக உதவினால் என்ன பதில் எழுதுவது? "சென்ற முறை வந்தபோது எதற்கு வந்தீர்கள், அது முடிந்ததா?" என்று ஒரே வருகையைப் பற்றிக் கேட்டால் நினைவிலிருந்து பதில் வரும். அமெரிக்க ஆராய்ச்சி நூலகங்களின் சங்கமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் உருவாக்கிய லிப்குவால் என்ற சேவைத் தர ஆய்வு முறையில் 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் வாசகர் மூன்று எண்கள் தர வேண்டும்: பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைந்தபட்சம், விரும்பும் அளவு, இப்போது கிடைப்பது. கிடைப்பது குறைந்தபட்சத்துக்கும் கீழே இருக்கும் இடம்தான் உடனே கைவைக்க வேண்டிய இடம். கிளை நூலகத்தில் 22 கேள்விக்கு யாரும் உட்கார மாட்டார்கள். ஆனால் அந்த யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு, திறக்கும் நேரம், இருக்கை, புதிய நூல்கள், கழிப்பறை என நான்கைந்து விஷயங்களுக்கு "இதைவிடக் குறைந்தால் வரமாட்டேன்" என்ற எல்லையைக் கேட்கலாம். கழிப்பறையை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். பெண்கள் ஏன் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதில்லை என்பதற்கான விடை பல இடங்களில் நூல் பட்டியலில் இருக்காது.

வராதவரை நூலகத்துக்குள் கேட்க முடியாது. கல்லூரி என்றால் வகுப்பறையில் கேட்க வேண்டும். ஊர் என்றால் பள்ளி வாசல், ரேஷன் கடை, நூறுநாள் வேலை நடக்கும் இடம். இரண்டே கேள்விகள்: நூலகம் எங்கே இருக்கிறது தெரியுமா, எப்போது திறந்திருக்கும் தெரியுமா. இரண்டாவதற்குத் தவறான பதில் அதிகம் வந்தால் முதல் வேலை அறிவிப்புப் பலகைதான்.

வரும் திறந்த பதில்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, இருவர் தனித்தனியாக வகைப்படுத்தி ஒப்பிடுங்கள். ஒரே ஆள் செய்தால் தனக்குப் பிடித்த குறைதான் பெரிதாகத் தெரியும். பிறகு மூன்றாகப் பிரியுங்கள்: இன்றே நாமே செய்யக்கூடியது, பணம் வேண்டியது, மேலிட உத்தரவு வேண்டியது. மின்விசிறியின் இரைச்சல், செய்தித்தாள் மேசைக்கு வெளிச்சம் போன்றவை முதல் வகை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் என்ன ஆயிற்று என்று வாசலில் ஒட்டுங்கள். "முடியாது, காரணம் இது" என்பதையும் ஒட்ட வேண்டும். பதில் கிடைக்காத ஊரில் இரண்டாம் முறை யாரும் சீட்டு எழுத மாட்டார்கள்.

யார் எந்த நூலை எடுத்தார் என்ற விவரம் இந்த அளவீடுகள் எதற்கும் தேவையில்லை. திரும்பி வந்த இரவல்களிலிருந்து உறுப்பினர் அடையாளத்தை நீக்கும் வசதி கோஹாவில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

மாற்றம் செய்தபின் அதே சோதனையை அடுத்த ஆண்டு அதே மாதத்தில் திரும்ப நடத்த வேண்டும். நாள்காட்டியை மட்டும் நம்ப வேண்டாம்: அந்த மாதத்தில் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு வந்தால் இருக்கைகள் நிரம்பி, தேடப்படும் நூல்களே வேறாகிவிடும். தேர்வு அட்டவணையைப் பார்த்துவிட்டு வாரத்தை முடிவு செய்யுங்கள், சீட்டின் வாசகத்தில் ஒரு சொல்லைக்கூட மாற்றாதீர்கள்.