முதலில் உட்காரட்டும்

பக்கவாதம் வந்தவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "கை அசையுதா? நடக்க ஆரம்பிச்சாச்சா?" என்றுதான். பிடிமானம் இல்லாமல் உட்கார முடிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த எங்கள் சித்தப்பாவுக்கு இடது கை கால் விழுந்துவிட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வலது கையை சாயா கிளாசுக்கு நீட்டுவார். நல்ல கைதான், ஆனாலும் உடம்பு சரியும். நாம் கையை நீட்டும் முன்பே வயிறும் முதுகும் இறுகி உடம்பைத் தாங்கத் தயாராகிவிடும். பக்கவாதத்துக்குப் பிறகு அந்த முன்னேற்பாடு தாமதமாகிறது. இந்தத் தசைகளுக்கு மூளையின் இரு பாதியிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் கை கால் போல முழுதாகச் செயலிழப்பது குறைவு. ஆனால் நல்ல பக்கமும் கொஞ்சம் தளரும்.

ஆரம்ப நாட்களிலேயே தானாக உட்கார முடிந்தவர்கள் பின்னால் நடக்கும் வாய்ப்பு அதிகம். அதனால் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, இரண்டு பாதமும் தரையில் பதிய உட்கார்ந்து, கைக்கு எட்டும் தூரத்துக்குச் சற்று அப்பால் இருக்கும் பொருளை எடுத்து வைத்துப் பழகுகிறார். சித்தி பக்கத்திலேயே நிற்பார்.

அப்புறம் ஒன்று. தூக்கிவிடும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் மூட்டு விலகிவிடக்கூடும்.